மித்ரியின் வலது கை

மினா துறைமுகத்தில் மித்ரியின் இனிப்புக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இனிப்பு வாங்க வருவார்கள். மீதிப் பேர் அவர் கையைப் பார்க்க வருவார்கள். செப்புக் கொப்பரையில் பாகு குமிழ் விட்டுக் கொதிக்கும்போது, வலது கையின் இரண்டு விரல்களை அதில் தோய்த்து எடுத்து, ஒட்டிப் பிரித்துக் கம்பிப் பதம் பார்ப்பார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. பெய்ரூட்டிலிருந்து ஆரஞ்சு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் வாசலில் நின்று வாயைப் பிளப்பார்கள்.

“கையாடா அது? கரண்டிடா!”

மித்ரி சிரித்துக்கொள்வார். வாலிபத்தில் அந்தப் பாகு நன்றாகவே சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார். பிறகு சுடுவது குறைந்தது. ஐம்பதைத் தாண்டியதும் சுடுவதே நின்றுபோயிற்று. சூடு மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. அதோடு சேர்ந்து மற்றதெல்லாமும் போய்விட்டது. ரொட்டியின் சொரசொரப்பு, சட்டைப் பொத்தான், பேத்தியின் கன்னம் எல்லாம் அந்த விரல்களுக்கு ஒன்றுதான். பாகின் பதத்தை இப்போது அவர் கண்ணால்தான் பார்த்தார். விரலை விட்டு எடுப்பது வெறும் வேடிக்கைக்கு.

இது அவர் மனைவி நஜ்லாவுக்கு மட்டும் தெரியும்.

“நேத்து அடுப்பு விளிம்புல கையை வச்சுக்கிட்டே கதை பேசிக்கிட்டிருந்தியே, தோல் கருகற நாத்தம் எனக்கு வந்துச்சு, உனக்கு வரலை. டாக்டர்கிட்ட காட்டு மித்ரி.”

“காட்டினா நாளைக்கே ஊர் பூரா தெரியும். கை செத்தவன் கிண்டற அல்வாவை எவன் வாங்குவான்?”

“வாங்கலைன்னா போறான். கை வேணுமா, பேரு வேணுமா?”

அந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்த பதில் அவருக்கே பிடிக்காத ஒன்று.

பேர் அவருக்குக் கடையில் மட்டும் இல்லை. துறைமுகச் சாலையில் கப்பல் ஏஜெண்டின் கிடங்குக்கு மேலே, எப்போதும் சன்னல் சாத்தியிருக்கும் மாடியில் மேசன்களின் சபை கூடியது. ஊரில் ‘ஃபர்மசூன்’, அதாவது ஃப்ரீமேசன், என்றால் பாதி ஏச்சு. தேவாலயத்தில் பாதிரியார் அவருக்கு அப்பம் கொடுக்கும்போது ஒரு கணம் கூடுதலாக முறைப்பார். மித்ரிக்கு அதெல்லாம் பொருட்டில்லை. படிகளில் ஏறி அந்தக் கதவு சாத்திக்கொண்டால், வக்கீலும் சுங்க அதிகாரியும் அவரைச் ‘சகோதரரே’ என்று எழுந்து நின்று அழைத்தார்கள். கீழே அதே வக்கீல் வேலைக்காரியை அனுப்பித்தான் இனிப்பு வாங்குவார்.

அந்த மாடியில் மித்ரி ஒவ்வொரு படியாகத்தான் ஏறினார். முதலில் உள்வாசல் காவலர். தட்டுகிறவன் யார் என்று கேட்டுக் கதவைத் திறக்கிற வேலை. பிறகு கோல் ஏந்தி ஓலை கொண்டுபோகிற இளைய தூதர். பிறகு மூத்த தூதர். இப்போது தெற்குப் பக்கம் நாற்காலி போட்டு உட்காரும் இளைய கண்காணி. கழுத்துப் பட்டையில் வெள்ளியில் ஒரு தூக்குக்குண்டு தொங்கும். மேற்கே உட்காருகிற மூத்த கண்காணிக்கு ரசமட்டம். கிழக்கே உட்காருகிற தலைவருக்கு மூலைமட்டம். கொத்தனார் சாமான்கள்தான், ஆனால் அந்த மூலைமட்டத்துக்காக மனிதர்கள் பாதி ஆயுளைக் காத்துக் கழித்தார்கள். வருஷத்துக்கு ஒருவர் நகர்வார்; பின்னால் இருப்பவர் ஒரு நாற்காலி முன்னே வருவார்.

கை குலுக்கும்போது விரலால் ஓரிடத்தில் அழுத்துவது அவர்கள் வழக்கம். அந்த அழுத்தத்தை வைத்துத்தான் சகோதரன் சகோதரனை அறிவான். மித்ரிக்கு அது இப்போது எட்டுவதில்லை. எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து, அழுத்தியிருப்பார் என்று வைத்துக்கொண்டு தானும் அழுத்துவார். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஷுக்ரி என்ற கடிகாரம் பழுதுபார்ப்பவனை அந்தச் சபைக்கு முன்மொழிந்தது மித்ரிதான். நாற்பத்தெட்டுச் சண்டையில் ஹைஃபாவிலிருந்து அகதியாகப் படகில் வந்து இறங்கியவன். மித்ரியின் கடைக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகையை மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தான். முதல் வருஷம் யாரும் அவனிடம் கடிகாரம் கொடுக்கவில்லை; எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான் என்று பயம். மித்ரி தன் கடைச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அது ஓடிய பிறகு மற்றவர்களும் கொடுத்தார்கள். சாயங்காலங்களில் இருவரும் பகடை ஆடுவார்கள். ஷுக்ரி பகடையை உருட்டிக்கொண்டே ஒருநாள் கேட்டான்.

“அபு ஃபரீத், அந்த மாடியில என்ன பண்றீங்க? ஆட்டை வெட்டறீங்கன்னு என் வீட்டுக்காரி சொல்றா.”

மூத்த மகன் ஃபரீத் பெயரால்தான் ஊர் மித்ரியை அழைத்தது.

“ஆடு வெட்டினா எனக்குக் கொஞ்சம் கறி மிஞ்சியிருக்கும். பேசறோம். பேசிட்டு சாப்பிடறோம். எந்த மதம், எந்த ஊர்னு யாரும் கேக்கக்கூடாது. அதான் அங்க சட்டம்.”

ஷுக்ரி ஆட்டத்தை நிறுத்திவிட்டான். “எந்த ஊர்னு கேக்கமாட்டாங்களா?”

“கேக்கக்கூடாது.”

“அப்ப என்னைச் சேர்த்துவிடுங்க.”

ஆறு வருஷமாக அந்த ஊரில் ரேஷன் கடையிலிருந்து காவல் நிலையம் வரைக்கும் யாரும் அவனை வேறெதுவும் கேட்டதில்லை. மித்ரிக்கு அது புரிந்தது. சபையில் அவன் பெயரை எழுதிக் கொடுத்தார். மூன்று பேர் போய் அவன் வீட்டைப் பார்த்து, காபி குடித்து, நல்ல மனிதன் என்று வந்து சொன்னார்கள். வாய்விட்டு முனகியது ஒருவர்தான்: மூத்த கண்காணி வஹீப். ஆரஞ்சு வியாபாரி, அடுத்த தலைவர் என்று எல்லோரும் அறிந்த ஆள்.

“இவங்க வந்ததுல இருந்து கூலி இறங்கிப்போச்சு, வாடகை ஏறிப்போச்சு,” என்று காபிக்கடையில் பத்துப் பேர் கேட்கச் சொல்லியிருந்தார். “இனிமே மாடியிலயும் வந்து நம்ம பக்கத்துல உக்காரட்டும். நான் என்ன சொல்ல முடியும், நானும் காலை மடக்கிக்கிட்டு இடம் விடறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அது யாருக்கும் சிரிப்பாக இல்லாமல் போயிற்று.

வாக்கெடுப்பு நாள் வந்தது. புதிய ஆளைச் சேர்ப்பதற்கு அந்தச் சபையில் வாயால் யாரும் எதுவும் சொல்வதில்லை. மூத்த தூதர் ஒரு மரப் பெட்டியை ஒவ்வொருவரிடமும் கொண்டுவருவார். பெட்டிக்குள் வெள்ளை உருண்டைகளும் பகடை அளவுக் கறுப்புக் கட்டைகளும் கலந்து கிடக்கும். உருண்டை என்றால் சம்மதம். கட்டை என்றால் மறுப்பு. ஒன்றை எடுத்துப் பின்பக்கத் துளையில் போட வேண்டும். ஒரே ஒரு கட்டை விழுந்தாலும் வந்தவன் வெளியேதான். நாம் பார்த்தால் பக்கத்தில் இருப்பவனும் பார்ப்பான் என்று, சபையைத் தொடங்கிய பெரியவர்கள் பெட்டியின் வாய்க்குக் கறுப்பு வெல்வெட்டில் ஒரு கையுறை மாதிரி தைத்துவிட்டிருந்தார்கள். உள்ளே கண் போகாது. உருண்டையா, கட்டையா என்று விரல்தான் பார்க்க வேண்டும். பிழை வரக்கூடாது என்றுதான் கறுப்பைச் சதுரமாகச் செய்தார்கள்.

மித்ரியின் முறை வந்தது. வலது கையின் வெள்ளைக் கையுறையைக் கழற்றினார். வாக்குக்கும் சத்தியத்துக்கும் வெறுங்கைதான் வழக்கம். பெட்டிக்குள் விட்டார். கைக்கு வந்ததை எடுத்துப் போட்டார். அது உருண்டைதான் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எடுக்க நினைத்தது உருண்டையை. குறையை நாள்தோறும் மறைக்கிறவனுக்கு ஒரு கட்டத்தில் அந்தக் குறை இருப்பதே மறந்துபோகும்.

பெட்டி கிழக்கே போயிற்று. தலைவர் வக்கீல் ரம்ஸி. ஊரில் மரியாதையாக உஸ்தாத் ரம்ஸி. அவர் பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். எத்தனை விழுந்தது என்று தலைவர் மட்டுமே பார்ப்பார். வெளியே சொல்வது ‘வெளிச்சம்’ அல்லது ‘இருட்டு’ என்ற ஒரு சொல்தான்.

“இருட்டு,” என்றார்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன.

“சகோதரர்களே, கை தவறியிருக்கலாம். வழக்கப்படி இன்னொரு தடவை போடறோம். நிதானமா, பார்த்துப் போடுங்க.”

அந்த இரண்டாவது சுற்றில் மித்ரிக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. மேற்கில் உட்கார்ந்திருந்த வஹீபை விட்டுக் கண் எடுக்காமலே பெட்டிக்குள் கையை விட்டார். எடுத்தார். போட்டார்.

ரம்ஸி பின்கதவைத் திறந்து இந்த முறை கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“இருட்டு.”

முன்மொழிந்தவர்தான் போய்ச் சொல்ல வேண்டும். கீழே காபிக்கடையில் ஷுக்ரி காத்திருந்தான். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டிருந்தான். தோளில் அது இறுக்கிக்கொண்டிருந்தது. மித்ரி வருவதைப் பார்த்ததும் எழுந்தான். முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான்.

“எந்த ஊர்னு கேட்டுட்டாங்களா அபு ஃபரீத்?”

“எவனோ ஒரு நாய்...” மித்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒரு வருஷம் கழிச்சு மறுபடியும் எழுதலாம், ஷுக்ரி. நான் எழுதறேன்.”

“ஒருத்தனா?”

“ஒருத்தன்தான் இருக்கணும்.”

ஷுக்ரி காபிக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்தான். “அப்ப பரவாயில்லை. ஹைஃபால எங்க தெருவுலயே எனக்கு நாலு பேரைப் பிடிக்காது. இங்க ஒருத்தன்தான்னா நான் முன்னேறிட்டேன்.”

சிரித்தான். பிறகு கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

அந்த ‘ஒருத்தன்’ யார் என்று ஊருக்கு விசாரணை தேவைப்படவில்லை. வஹீப் மாடியில் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. காபிக்கடையில் அவர் வந்தால் பேச்சு ஆரஞ்சு விலைக்குத் தாவியது. எந்த வாக்கைப் போட்டேன் என்று சொல்வது சபை விதிப்படி குற்றம். போடவில்லை என்று சொல்வதும் அதே குற்றம்தான். ஆகையால் வஹீபுக்கு வாயிருந்தும் பயனில்லை. மற்றவர்களைவிட அவரை அதிகமாக வெறுத்தது மித்ரி. வாசல் வழியே வஹீப் போனால் துப்புவதற்காகவே ஒரு ஏலக்காயை வாயில் வைத்திருந்தார்.

கோடையில் ஒரு நாள் காலை. மூட்டை தூக்கிப் பல்லெல்லாம் இழந்த கிழவர் சலீபா கடைக்கு வந்தார். வாரத்துக்கு ஒருமுறை ஒரு துண்டு ராஹா வாங்குவார். ரோஜாத் தண்ணீர் போட்ட, மெத்தென்ற சதுர மிட்டாய். ராஹாவும் சர்க்கரை பூசிய பாதாம் உருண்டையும் பலகைக்கு அடியில் ஒரே தகர டப்பாவில் கிடந்தன. அந்த நேரம் பார்த்து எதிரே வஹீப் போனார். மித்ரி அவரையே பார்த்துக்கொண்டு தகரத்தில் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

சலீபா அதை வாயில் போட்டு, உடனே உள்ளங்கையில் துப்பினார்.

“என்ன அபு ஃபரீத், கிண்டலா? பல்லு போனவனுக்குக் கல்லைக் குடுக்கற!”

“மன்னிச்சுக்க, மன்னிச்சுக்க. இந்தா.” வஹீப் இன்னும் தெருமுனை திரும்பவில்லை. மித்ரி பார்வையை எடுக்காமலே இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

“மறுபடியும் உருண்டை! மெத்துனு இருக்கிறதுக்கும் கல்லுக்கும் உன் கைக்கு வித்தியாசம் தெரியலையா? என்னதான்யா தொட்டுப் பார்க்கற நீ?”

மித்ரி குனிந்து தகரத்தைப் பார்த்தார். சதுரமும் உருண்டையும் சர்க்கரைப் பொடிக்குள் கலந்து கிடந்தன. கையை உள்ளே விட்டார். கண்ணை மூடினார். ஒன்றை எடுத்து, உருண்டை என்று மனத்துக்குள் சொன்னார். கண்ணைத் திறந்தார். சதுரம். இன்னொன்று எடுத்தார். அதுவும் சதுரம்.

“உடம்புக்கு என்ன? வேர்க்குது உனக்கு,” என்றார் சலீபா. “காசு வேண்டாம்னாலும் பரவாயில்லை, அந்தச் சதுரத்தை இப்படிக் குடு.”

அன்று மத்தியானம் மித்ரி நஜ்லாவிடம் சொன்னார். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

“போய்ச் சொல்லு.”

“சொல்லக்கூடாது. விதி.”

“அந்த மாடியில விதி எழுதினவன் கை மரத்துப்போனவனை நினைச்சு எழுதலை. போய்ச் சொல்லு மித்ரி. கையைக் காட்டு. எல்லாருக்கும் புரியும்.”

“கையைக் காட்டினா கடை?”

“கடையா, நாற்காலியா? எதைச் சொல்ற?” என்றாள் நஜ்லா. அவர் வாயைத் திறக்குமுன் கத்தியை எடுத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியாதா? வஹீபை ஒதுக்கிட்டா அடுத்து யாருன்னு சந்தையில மீன்காரி வரைக்கும் பேசறா.”

அவர் சொல்லவில்லை. இந்த வாரம் வேண்டாம், அடுத்த கூட்டத்தில் என்று நினைத்தார். அடுத்த கூட்டத்தில் மழைக்கால விருந்தைப் பற்றிப் பேசினார்கள். அதற்கடுத்த கூட்டத்துக்கு முன் வஹீபே கடைக்கு வந்துவிட்டார். தட்டில் சுருட்டி வைத்திருந்த பாலாடை இனிப்பைக் காட்டி, “அரைக் கிலோ,” என்றார். மித்ரி எடை போட்டார்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன் மித்ரி. எனக்கு ஒருத்தனைப் பிடிக்கலைன்னா சந்தை நடுவுல நின்னு கத்துவேன். ஊருக்கே தெரியும். இருட்டுல கையை விட்டுக் குத்தறது என் பழக்கமா?”

மித்ரி தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

“சொல்லு. நீ என்னை நம்பறியா இல்லையா? வேற எவன் நம்பலைன்னாலும் எனக்குக் கவலையில்லை. நாம ரெண்டு பேரும் ஒரே நாள்ல கண்ணைக் கட்டிக்கிட்டு அந்தக் கதவைத் தாண்டிச் சபையில சேர்ந்தவங்க.”

“பழசை விடு வஹீப்,” என்றார் மித்ரி. எடைக்கு மேல் இரண்டு சுருள் எடுத்து வைத்தார்.

வஹீப் அந்த இரண்டையும் எடுத்துத் தட்டில் திரும்ப வைத்தார். “என் காசுக்கு உள்ளது போதும்.”

தலைவரைத் தேர்ந்தெடுக்கிற கூட்டத்துக்கு அவர் வரவில்லை. விலகுவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். மேற்கில் இருக்க வேண்டியவர் இல்லாததால் தெற்கில் இருந்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பேர் எழுதிய சீட்டைக் கையில் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. எல்லோரும் மித்ரி என்றே எழுதியிருந்தார்கள். ‘சகோதரனுக்காக அழுதவர்’ என்று ஒருவர் எழுந்து பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பதவியேற்புக்கு முந்தின நாள் அவர் ரம்ஸியின் அலுவலகத்துக்குப் போனார். கடைசியில் போனாரே என்று அவருக்காகச் சொல்லலாம். மூலைமட்டத்தை வாங்குவதற்கு முந்தின நாள்தான் போனார் என்றும் சொல்லலாம். ரம்ஸி வறுத்த தர்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தார். மித்ரி உட்காராமல் வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார்.

“உஸ்தாத், இதுல ஊசியால குத்துங்க.”

“என்ன சொல்றீங்க?”

“குத்துங்க. எனக்குத் தெரியாது. ஷுக்ரிக்குக் கட்டை போட்டது நான். வஹீப் இல்லை. தெரியாம போட்டேன். ரெண்டு தடவையும்.”

ரம்ஸி கையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இன்னொரு விதையை எடுத்து உடைத்தார்.

“உட்காருங்க அபு ஃபரீத். முதல் தடவை நான் பெட்டியைத் திறந்தப்ப ரெண்டு கட்டை கிடந்துச்சு.”

மித்ரிக்கு உடனே விளங்கவில்லை.

“ரெண்டா?”

“ரெண்டு. கை தவறியிருக்கும்னு சொன்னேனே, ரெண்டு கை எப்படித் தவறும்? இருந்தாலும் ஒரு வாய்ப்புக் குடுத்தேன். வெட்கப்பட்டு மாத்துவாங்கன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை திறந்தேன். மூணு.”

“மூணு...”

“முதல் தடவை தைரியம் வராத ஒருத்தருக்கு, இன்னொருத்தர் இருக்கார்னு தெரிஞ்சதும் தைரியம் வந்துடுச்சு. அதுல ஒண்ணு உங்களுதா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உங்க கைக்குத்தான் தெரியாதே.” ரம்ஸி தொலியைத் தட்டில் போட்டார். “நீங்க உருண்டையே போட்டிருந்தாலும் அவர் வெளியிலதான் நின்னிருப்பார்.”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், மித்ரியின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இறங்கியதை அவர் கவனித்துவிட்டார். கவனித்ததும் முகம் சிவந்துபோயிற்று.

“அப்ப வஹீபை ஏன் விட்டீங்க? ஊரே அவரைக் காறித் துப்புச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“எண்ணிக்கையைத் தலைவர் வெளியில சொல்லக்கூடாது.”

“உஸ்தாத்!”

ரம்ஸி குரலைத் தாழ்த்தினார். “ஒருத்தன்னு நினைச்சா, அந்த ஒருத்தனை வெறுத்துட்டு மத்தவங்க சேர்ந்து சாப்பிடுவாங்க. மூணு பேர்னு சொல்லியிருந்தா? இன்னிக்கு அந்த மாடியில எவனும் பக்கத்து நாற்காலியைப் பார்க்காம சோறு தின்னமாட்டான். வஹீபுக்கு வாய் நீளம். அவர் தாங்குவார். நான் சபையைக் காப்பாத்தினேன். நாளையிலேருந்து அது உங்க வேலை.”

மித்ரி படியிறங்கினார். வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கடைக்கு எதிரே, மாடிப்படி அடிக்குப் போனார். ஷுக்ரியின் பலகை மடக்கிக் கட்டிக் கிடந்தது. அவன் பூதக்கண்ணாடியையும் இடுக்கிகளையும் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“நானே வர இருந்தேன் அபு ஃபரீத். குவைத்துல ஒரு கடைக்காரர் ஆள் கேட்டிருக்கார். வெள்ளிக்கிழமை கிளம்பறேன். உங்க சுவர்க்கடிகாரத்துக்கு எண்ணெய் போட்டுட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை சாவி குடுத்தா போதும், ரொம்ப முறுக்காதீங்க.”

“ஷுக்ரி, அந்தக் கட்டையைப் போட்டது என் கை. என் விரல் செத்துப்போச்சு. உருண்டைன்னு நினைச்சுப் போட்டேன்.”

ஷுக்ரி நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கண் கொஞ்சம் கலங்கியது. பிறகு சிரித்தான்.

“பொய் சொல்றதுக்கும் ஒரு முகம் வேணும் அபு ஃபரீத். கொதிக்கிற பாகுல பதம் பார்க்கிற கையா உருண்டைக்கும் கட்டைக்கும் ஏமாறும்? நான் வஹீப் மேல கோபத்தோட போகக்கூடாதுன்னு உங்க தலையில எடுத்துப் போட்டுக்கறீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?”

“சத்தியமாச் சொல்றேன்...”

“விடுங்க. எனக்கு அவர் மேல கோபமே இல்லை. நான் யோசிச்சுப் பார்த்தேன். அத்தனை பேர் உக்கார்ந்திருக்கிற இடத்துல ஒரே ஒருத்தன்தான் வேண்டாம்னான். மிச்சப் பேர் எல்லாம் என்னைச் சேர்த்துக்கிட்டாங்க. ரெண்டு தடவை சேர்த்துக்கிட்டாங்க. இந்த ஊர்ல எனக்குக் கிடைச்சது அதுதான். அதை எடுத்துக்கிட்டுப் போறேன்.”

மித்ரி வாயைத் திறந்தார். மூன்று என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் இவனிடமிருந்து பிடுங்குவதற்கு மிச்சம் இருந்ததையும் பிடுங்கிவிடலாம். வாயை மூடிக்கொண்டார். உண்மையைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. அவன் நம்புகிறதோ உண்மையில்லை.

“இரு,” என்று கடைக்குள் போய் ஒரு பெட்டி நிறைய இனிப்பு கட்டிக்கொண்டு வந்தார். ஷுக்ரி மறுக்காமல் வாங்கிக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தான்.

மறுநாள் மாடியில் விளக்குகள் ஏற்றினார்கள். பழைய தலைவர்கள் மட்டும் இருந்த அறையில் மித்ரியை மண்டியிட வைத்துச் சத்தியம் வாங்கினார்கள். வலது கையின் கையுறையைக் கழற்றி வேதப்புத்தகத்தின் மேல் வைத்தார். தோல் அட்டையா, மரப்பலகையா, அவருக்குத் தெரியவில்லை. ரம்ஸி தன் கழுத்திலிருந்த பட்டையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். வெள்ளி மூலைமட்டம் மார்பில் இடித்தது. அதை அவர் உணர்ந்தார். மார்பில் இன்னும் உயிர் இருந்தது.

கிழக்கே உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லா முகமும் தெரிந்தது. தலைவரின் நாற்காலி அதற்காகத்தான் உயரமாக இருக்கிறது. சுங்க அதிகாரி, அவர் ஷுக்ரியிடம் காசு கொடுக்காமல் கடிகாரம் சரிசெய்துகொண்டவர். பல் வைத்தியர், ஷுக்ரி வீட்டுக்குப் போய்க் காபி குடித்து, நல்ல மனிதன் என்று வந்து சொன்னவர். போட்டோ ஸ்டூடியோக்காரர். பள்ளி ஆசிரியர். ரம்ஸி. அவரும்தான் வாக்குப் போட்டார். யாருடைய முகத்திலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்து மலர்ந்திருந்தார்கள். மேற்கே, ரசமட்டத்தின் நாற்காலியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். வஹீப் இருந்த தடம் துடைத்தாயிற்று.

“இனி சகோதரர்கள் வந்து வணக்கத்துக்குரிய தலைவருக்குக் கை கொடுக்கலாம்,” என்றார் ரம்ஸி.

வரிசையாக வந்தார்கள். கையுறையைக் கழற்றிய வெறுங்கைகள். சதைப்பிடிப்பான கை, எலும்புக் கை, மருந்து வாசனை அடிக்கிற கை. ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்து, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, கண்ணுக்குள் பார்த்துச் சிரித்தார்கள். இதில் ஒரு கை இருட்டில் கட்டையைத் தேடி எடுத்தது. இன்னொரு கை ‘இருட்டு’ என்று கேட்டதும் துணிந்தது. மூன்றாவது இந்தக் கைகளில் இல்லையென்றால் அது இதோ தன் மணிக்கட்டில் தொங்குகிறது.

மித்ரி ஒவ்வொரு கையாக வாங்கினார். யார் எப்படி அழுத்தினார்கள் என்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்து, அழுத்தியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, தானும் அழுத்தினார்.